கப்பல் நின்றது, வானம் சுமந்தது

மாணவர்களே, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோடு பேச இன்று உங்களுக்கு ஒரு கைப்பேசி போதும். 1942-இல் லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாத்தாவும் பாட்டியும் தமிழ்நாட்டில். ராஜூலா போன்ற கப்பல்கள் கொண்டு போனால்தான் கடிதம் கடலைத் தாண்டும்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. சரணடைந்த படையில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். மகன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூட ஊரில் இருந்த தாய்க்குத் தெரியாது. பின்னர் நம் தோட்டங்களிலிருந்தும் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943-இல் ஜான்சி ராணிப் படை உருவானது. கோலாலம்பூர்ப் பெண் ஜானகி (பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன்) அதில் சேர்ந்து பர்மா வரை போனார். இவர்களுக்கும் இந்தியாவில் இருந்த உறவுகளுக்கும் நடுவே போர்முனை நின்றது.

அதைத் தாண்டக்கூடிய ஒன்று இருந்தது. அதுதான் சிற்றலை வானொலி.

எப்படித் தாண்டியது? முதலில் ஒரு புதிர். வானொலி அலையும் ஒளியைப் போல நேராகச் செல்வது. ஆனால் பூமி உருண்டை. லுக்குட்டிலிருந்து சென்னை சுமார் 2,600 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையே ஒரு நேர்கோடு போட்டால், நடுவழியில் அது கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஆழத்தில் போகும்! நம்பாவிட்டால் பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்பியபோதே இந்தப் புதிர் எழுந்தது. வளிமண்டலத்தின் உயரத்தில் மின்சாரம் கடத்தும் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902-இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். 1924-இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் உறுதி செய்தார். 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அடுக்கைத்தான் அயனி மண்டலம் என்கிறோம். சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து விடுகின்றன. உயரே போகப் போக எலெக்ட்ரான்கள் கூடுவதால், சாய்வாகப் போகும் அலை சிறிது சிறிதாக வளைந்து தரையை நோக்கித் திரும்புகிறது. நண்பகலில் போர்ட்டிக்சன் சாலையில் கானல் நீர் தெரிகிறதே, அங்கே ஒளி வளைவதும் இதே ஒளிவிலகல்தான். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகள் இப்படித் திரும்பக்கூடியவை. 100 மெகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள எஃப்.எம். அலைகள் பெரும்பாலும் அடுக்கைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடும்.

சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வளைவு வளைந்தால் போதும், சென்னை எட்டிவிடும். எடுக்கும் நேரம் ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

போர்க்காலத்தில் இரு தரப்பும் இதைப் பயன்படுத்தின. 1944 ஜூலை 6-இல் சுபாஷ் சந்திர போஸ் ரங்கூனிலிருந்து காந்தியடிகளை விளித்துப் பேசியது சிற்றலையில்தான். டோக்கியோ வானொலி போர்க்கைதிகளின் பெயர்களையும் அவர்கள் வீட்டுக்கு எழுதிய சில வரிகளையும் வாசித்தது. பிரசாரத்தைக் கேட்க வைப்பதற்கான தூண்டில் அது. ஆனாலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் முன்பின் தெரியாத பலர் இரவில் விழித்திருந்து அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, "உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான்" என்று அவர்களின் வீடுகளுக்கு அஞ்சலட்டை எழுதினார்கள்.

மலாயாவில் சிற்றலை கேட்பதே குற்றம். பெட்டியில் இருந்த சிற்றலைக் கம்பிச்சுருளை அகற்றச் செய்தார்கள். சுருள் இல்லாவிட்டால் பெட்டி அந்த அதிர்வெண்ணுக்கு இசையாது. பேராக், பாப்பானில் இரகசியமாக வானொலி கேட்டதும், காயமடைந்த போராளிகளுக்கு மருத்துவம் பார்த்ததும் சிபில் கார்த்திகேசு செய்த 'குற்றங்கள்'. 1943-இல் கைதான அவர் கொடிய சித்திரவதைக்கு ஆளானார்.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர்கள் நம் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்டார்கள். போர்க்கைதிக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதும் உரிமை உண்டு என்று 1929 ஜெனீவா ஒப்பந்தம் சொன்னது. நடைமுறையில் எப்போதாவது ஓர் அட்டை கிடைத்தது. நம்மவர்கள் சிப்பாய்கள் அல்லர், கூலிகள். அந்த உரிமையும் அவர்களுக்கு இல்லை. அயனி மண்டலம் ஆள் பார்த்து அலையை வளைப்பதில்லை. ஆனால் அவர்களின் பெயரை ஒலிவாங்கி முன் வாசிக்க யாரும் இருக்கவில்லை.

இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். வீட்டில் பழைய வானொலி இருந்தால், மத்திய அலையில் (ஏ.எம்.) பகல் ஒரு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் முள்ளை மெதுவாக நகர்த்தி, எத்தனை நிலையங்கள் கேட்கின்றன என்று எண்ணுங்கள். அலைகளை விழுங்கும் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். அதனால் இரவில் தூரத்துக் குரல்கள் கூடும். பிறகு வீட்டுப் பெரியவர்களிடம், போரில் போய்த் திரும்பாதவர் யாராவது நம் குடும்பத்தில் உண்டா என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.