பாலைவன நாட்டில் மூன்று மாதம் சாரல்! தெரியுமா?

பாலைவனம் என்றால் பகலில் சுடும், இரவில் குளிரும் என்றுதானே படித்திருக்கிறோம்? ஓமன் நாட்டின் குரியாத் ஊரில் 2018 ஜூன் கடைசியில் அதுவும் பொய்த்துப்போனது! முழுதாக 24 மணி நேரத்தில் அங்கே பதிவான வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? 42.6 டிகிரி செல்சியஸ்! அதிகபட்சம் அல்ல, குறைந்தபட்சம்! விடிகாலையில்கூட அதற்குக் கீழே இறங்கவில்லை. இத்தனைக்கும் அது கடற்கரை ஊர்!

அதே நாட்டின் தென்கோடியில், மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சலாலா. அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை சாரல்! குற்றாலத்தில் சீசன் களைகட்டும் அதே மாதங்கள், காரணமும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான்! ஊர்க்காரர்கள் இந்தப் பருவத்தை 'கரீஃப்' என்கிறார்கள். சாம்பல் நிறத்தில் கிடந்த தோஃபார் மலைகள் சில வாரங்களில் பச்சைப்பசேல் என்று மாறிவிடும். வளைகுடா நாடுகள் 45 டிகிரியில் கொதிக்கும்போது இங்கே 30-ஐத் தொடுவதே அபூர்வம்!

எப்படி இது? பருவக்காற்று கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் தவழ்ந்துவரும் ஈரக்காற்று குளிர்ந்து, மூடுபனியாகி, மலையில் முட்டி நின்றுவிடுகிறது! மேலே இருக்கும் வெப்பக்காற்று பானை மூடிபோல அமுக்குவதால் அது கொட்டும் மழையாகாமல் தூறலாகவே இறங்குகிறது.

மழை பெய்யாமலே மரத்தடி நனையுமா? தோஃபார் காட்டில் நனைகிறது! மரங்களின் இலைகள் பனியைப் பிடித்துச் சொட்டுச்சொட்டாக வேருக்கு இறக்குகின்றன. இந்த ஈரம் ஒட்டகங்களுக்குத்தான் ஆகாது! மலைச்சரிவு வழுக்கும், ஈக்கள் கடிக்கும். அதனால் மேய்ப்பர்கள் அவற்றைச் சமவெளிக்கு ஓட்டி வந்துவிடுகிறார்கள்.

சலாலாவில் தென்னையும் வாழையும் பப்பாளியும் காய்க்கின்றன! ஆனால் அதே மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் வறண்ட மண். அங்கேதான் உலகப் புகழ்பெற்ற குந்திரிக்க மரங்கள்!

வடக்கே போனால் இன்னொரு ஆச்சரியம். ஜெபல் ஷம்ஸ் மலையின் உயரம் சுமார் 3,000 மீட்டர். குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், சில ஆண்டுகளில் பனியும் விழும்! பக்கத்து ஜெபல் அக்தர் மலையில் வசந்தத்தில் ரோஜா பூக்கும். பன்னீர் காய்ச்சுவது அங்கே பரம்பரைத் தொழில்.

புயலும் உண்டா? 2018 மே மாதம் மெகுனு புயல் தாக்கியபோது சலாலாவில் ஒரே நாளில் கொட்டிய மழை சுமார் 278 மில்லிமீட்டர். வழக்கமாக இரண்டு ஆண்டுகளில் பெய்யும் மழை! அப்போது பாலைமணல் மேடுகளுக்கு நடுவே ஏரிகளே உருவாகிவிட்டன!

அதைவிட வியப்பு 2021-இல். வங்கக் கடலில் பிறந்த குலாப் புயல் செப்டம்பர் 26 அன்று ஆந்திரக் கரையைக் கடந்தது. வலுவிழந்து நிலத்தைத் தாண்டிப் போன அதன் மிச்சம், அரபிக் கடலில் மீண்டும் உயிர்பெற்று, ஷாஹீன் என்ற புதுப்பெயரோடு அக்டோபர் 3 அன்று ஓமனின் வடகரையைத் தாக்கியது! ஒரே வாரம், இரண்டு கடல், இரண்டு பெயர்!

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நாடு இது. பிறகு விவசாயம் எப்படி? 'ஃபலஜ்' என்ற வாய்க்கால்கள்தான்! நிலத்தடி நீரையும் ஊற்றுநீரையும் மோட்டார் இல்லாமல் சரிவிலேயே ஊருக்குக் கொண்டு வருகின்றன. இன்றும் 3,000-க்கு மேல் ஓடுகின்றன! நீர் முறையைப் பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்துப் பிரித்தார்கள். இவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆறுதான் இல்லை, 'வாதி' எனப்படும் காட்டாற்றுப் படுகைகள் ஏராளம்! எங்கோ மலையில் பெய்த மழை, வெயில் அடிக்கும் இடத்தில் திடீர் வெள்ளமாக வந்து காரையே உருட்டிவிடும். வெள்ளம் ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது அங்கே தண்டனைக்குரிய குற்றம். ஓமனில் உங்கள் சொந்தக்காரர் யாராவது வேலை பார்க்கிறார்களா? இதை இன்றே சொல்லிவையுங்கள்!