போடிமெட்டு ஏறினால் கார் மைலேஜ் ஏன் பாதியாகிறது? நீங்களே கணக்கிடுவது எப்படி?

தேனியிலிருந்து கம்பம் வரை போய் வந்தால் 18 கொடுக்கும் கார், மூணாறுக்குக் கிளம்பி போடிமெட்டு ஏறும்போது 9 காட்டுகிறது. ‘வண்டியில ஏதோ கோளாறு’ என்று உடனே மெக்கானிக்கிடம் ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் அது மலையின் கணக்குதான்.

மலை கேட்கும் பெட்ரோல்

போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 27 கி.மீ. இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர். நான்கு பேருடன் 1,200 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க ஏறக்குறைய 12 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருந்தாலும், அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். மீதி வெப்பமாகப் போய்விடும்.

ஆக, உயரத்துக்கு மட்டும் ஒன்றரை லிட்டர். சமவெளியில் 27 கி.மீ. ஓடவே ஒன்றரை லிட்டர் ஆகும். மொத்தம் 3 லிட்டர். அதனால்தான் லிட்டருக்கு 9.

சராசரியில் ஒரு பொறி

ஏறும்போது 9, இறங்கும்போது 27 என்றால் சராசரி 18 தானே? இல்லை. ஏற 3 லிட்டர், இறங்க 1 லிட்டர். 54 கி.மீ.க்கு 4 லிட்டர், அதாவது 13.5 தான். மைலேஜ் எண்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. மொத்த தூரத்தை மொத்த லிட்டரால்தான் வகுக்க வேண்டும்.

டேங்க் டு டேங்க் முறை

1. பம்பில் நாசில் தானாக ‘கட்’ ஆகும் வரை நிரப்புங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள்.
2. குறைந்தது 300 கி.மீ. வழக்கம்போல ஓட்டுங்கள்.
3. முடிந்தால் அதே பம்பில், மறுபடி ‘கட்’ ஆகும் வரை நிரப்புங்கள்.

342 கி.மீ. ஓடி 19 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 18. பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கி.மீ.க்கு சுமார் ஐந்தரை ரூபாய். இரண்டு, மூன்று முறை செய்து பார்த்தால் நம்பகமான எண் கிடைக்கும்.

கம்பெனி சொன்னது ஏன் வரவில்லை?

கம்பெனி சொல்லும் மைலேஜ், ஆய்வகத்தில் உருளைகள் மேல் காரை ஓட்டி எடுத்தது. அங்கே மலையும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை. ஆடி மாதம் தேனியிலிருந்து கம்பம் பக்கம் போனால் எதிர்க்காற்று பிய்த்துக்கொண்டு போகும். இந்த மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு காரணம் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது.

நியூட்ரல் வேண்டாம்

‘இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்’ என்பது பழைய கார்பரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது கிட்டத்தட்ட நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காகப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும்.

அதைவிட ஆபத்து, கியர் பிடிப்பு இல்லாமல் மொத்த பாரமும் பிரேக்கில் விழுவது. பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக் மிதி கல்லாக இறுகும், பவர் ஸ்டீயரிங்கும் கைவிடும். போடிமெட்டோ, குமுளி மலையோ, ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோலும் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.