அச்சு நின்றது, செய்தி நிற்கவில்லை

குடும்பத்தில் நாளேட்டிற்கென்று ஓர் இடம் உண்டு. பெரியவர் முதற்பக்கத்தைப் படித்து முடிக்கும் வரை, பேரன் விளையாட்டுப் பக்கத்திற்காகக் காத்திருப்பான். படித்து முடித்த தாள் அலமாரித் தட்டில் விரிக்கப்படும். எஞ்சியவை மாதக் கடைசியில் எடைக்குப் போகும். பல தலைமுறைகளாக இவ்வாறு நம்மோடு வாழ்ந்து வந்த நாளேடு, இன்று உலகின் பல பகுதிகளில் தாளைவிட்டு மின்திரைக்குக் குடிபெயர்ந்து வருகிறது. இக்குடிபெயர்ப்பில் சில ஏடுகள் பிழைத்தன. பல ஏடுகள் வழியிலேயே மடிந்தன.

பிழைத்தவை எதனால் பிழைத்தன? பணம் மிகுதியாக இருந்ததாலா? புதிய கருவிகளை முந்தி வாங்கியதாலா? அல்லது வேறு காரணம் உண்டா? செய்தி ஏடுகளை நடத்தும் பொறுப்பாளர்கள் எல்லோரையும் உறங்கவிடாத கேள்வி இது. இதற்கு விடை தேடுவோர்க்குக் கனடா நாட்டின் கியூபெக் மாநிலம் நல்லதொரு பாடநூலாக விளங்குகிறது. நாற்புறமும் ஆங்கிலம் சூழ, பிரெஞ்சு மொழியைப் பேணி வாழும் மக்கள் அவர்கள். தங்கள் மொழியில் செய்தி கிடைப்பது அவர்களுக்கு வாழ்வுரிமையின் ஒரு பகுதி. ஆதலின், அங்கு ஓர் ஏடு நின்றுபோனால் இழப்பு அதன் உரிமையாளரோடு முடிவதில்லை.

வருவாய் வற்றிய விதம்

வாசகர் கொடுக்கும் விலை, நாளேட்டின் செலவுக்கு என்றுமே போதியதில்லை. காகிதம், மை, அச்சு, வண்டி வாடகை, முகவர் கழிவு, பணியாளர் ஊதியம் ஆகிய செலவுகளில் பெரும்பகுதியை விளம்பரமே ஈடுசெய்து வந்தது. வேலை காலி, வீடு வாடகைக்கு, மணமகள் தேவை என்று சிறிய எழுத்தில் வரும் வரி விளம்பரங்கள் பல ஏடுகளுக்கு வற்றாத ஊற்றாக இருந்தன. இணையம் பரவியதும் முதலில் இவ்வூற்றே வறண்டது. அடுத்து, பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களும் கூகுள், பேஸ்புக் ஆகியவற்றை நாடிச் சென்றன. செய்தி சேகரிக்கும் செலவு மட்டும் ஏட்டிடமே தங்கிற்று.

இந்நிலையில் பல பொறுப்பாளர்கள் செய்தது ஒன்றுதான்: செய்தியாளரைக் குறைத்தார்கள், பக்கங்களைக் குறைத்தார்கள். ஏடு மெலிந்தது கண்டு வாசகர் விலகினர். வாசகர் விலகியது கண்டு விளம்பரமும் விலகிற்று. கிணற்றில் நீர் குறைகிறதென்று ஊற்றுக்கண்ணை அடைத்தவன் கதையாக முடிந்தது அது.

மான்ட்ரியாலின் துணிவு

தமிழ் மக்கள் பலர் குடியேறி வாழும் மான்ட்ரியால் நகரில், 1884இல் தோன்றிய நாளேடு ‘லா பிரெஸ்’. பிரெஞ்சு மொழியின் பெரும் நாளேடுகளில் அதுவும் ஒன்று. 2009இல் அதன் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பு நிறுத்தப்பட்டது. நெருக்கடி முற்றிவருவதைத் தலைவர் கீ கிரெவியேயும் அவருடைய துணைவர்களும் உணர்ந்தனர். ஐபேட் என்னும் கைக்கணினி 2010இல் சந்தைக்கு வந்தபோது அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நாளேட்டை அதற்கேற்றவாறு அடிமுதல் புதிதாகப் படைப்பது.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்து, 4 கோடி கனடிய டாலர் அளவுக்குச் செலவிட்டு, 2013 ஏப்ரல் மாதத்தில் ‘லா பிரெஸ் பிளஸ்’ என்ற பதிப்பை வெளியிட்டனர். அச்சுப் பக்கத்தை அப்படியே படம் பிடித்துத் திரையில் காட்டும் எளிய வேலையை அவர்கள் செய்யவில்லை. எழுத்து, படம், ஒலி, வரைபடம் அனைத்தும் விரலின் தொடுதலுக்கேற்பப் புதிதாக அமைக்கப்பட்டன. எனினும் நாளேட்டின் ஓர் இயல்பை மட்டும் அவர்கள் கவனமாகக் காத்தனர். அது தொடக்கமும் முடிவும் உள்ள பதிப்பாக, நாள்தோறும் விடியற்காலையில் வந்து சேர்ந்தது. ஓயாது ஓடும் செய்தி வெள்ளத்தில் தத்தளித்த வாசகருக்கு, “இன்றைய செய்தி இவ்வளவே, படித்து முடித்துவிட்டீர்கள்” என்ற நிறைவு கிடைத்தது. பதிப்பு இலவசம், வாசகர் அதில் அரை மணிக்கும் மேலாகச் செலவிட்டனர். அந்தக் கவனத்திற்கு விளம்பரதாரர் நல்ல விலை கொடுத்தனர்.

வாசகர் உறுதியாகப் பழகிவிட்டனர் என்று தெரிந்த பின்னரே அச்சு நிறுத்தப்பட்டது, அதுவும் படிப்படியாக. 2016 சனவரி முதல் வார நாள்களில் அச்சு இல்லை. சனிக்கிழமை மட்டும் தாள் வந்தது. 2017 டிசம்பர் 30ஆம் நாள் கடைசிச் சனிக்கிழமைத் தாளும் வெளிவந்து ஓய்ந்தது.

விளம்பர வருவாய் ஒன்றை மட்டும் நம்பி இதுவும் நிலைக்காது என்பது விரைவில் தெளிவாயிற்று. அப்பொழுது இரண்டாவது பெரிய முடிவு எடுக்கப்பட்டது. நெடுங்காலமாக ஏட்டைத் தன் உடைமையாக வைத்திருந்த பவர் கார்ப்பரேஷன் நிறுவனம் 2018இல் அதை விட்டுக் கொடுத்தது. இலாப நோக்கற்ற பொது அறக்கட்டளை ஒன்றின் கீழ் ஏடு வந்தது. இம்மாற்றத்திற்குத் தடையாயிருந்த 1967ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவைக் கியூபெக் சட்டமன்றம் நீக்கியது. பழைய உரிமையாளர் 5 கோடி டாலர் நன்கொடை அளித்ததோடு, அதுவரை சேர்ந்திருந்த ஓய்வூதியக் கடமைகளையும் ஏற்றுக்கொண்டார். இனி எஞ்சும் பணம் எதுவாயினும் பங்குதாரருக்குப் போகாது. ஏட்டின் பணிக்கே திரும்பும். அதன்பின்னரே ஏடு வாசகரிடம் கையேந்திற்று. வாசகரும் மனமுவந்து கொடுக்கத் தொடங்கினர். உரிமையாளர் இலாபத்திற்காக யாரும் உண்டியலில் காசு போடுவதில்லை. பொதுச் சொத்து என்று நம்பினால் போடுவார்கள்.

டொரண்டோவில் நேர்ந்தது

இவ்வெற்றியைக் கண்டு, அதே நாட்டின் பெரிய ஆங்கில நாளேடான ‘டொரண்டோ ஸ்டார்’ அதே வழியில் இறங்கிற்று. லா பிரெஸ் உருவாக்கிய தொழில்நுட்பத்தையே பெற்று, ‘ஸ்டார் டச்’ என்ற பதிப்பை 2015 செப்டம்பரில் தொடங்கியது. கருவி அதே, அழகு அதே, உழைப்பும் குறைவில்லை. ஆயினும் எதிர்பார்த்த வாசகர் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கூட நிறைவுறாமல், 2017 சூலை மாத இறுதியில் அது மூடப்பட்டது. பணியாளர் சிலர் வேலை இழந்தனர்.

ஒரே விதை ஒரு வயலில் விளைந்து மற்றொரு வயலில் கருகியது ஏன்? இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் காலம் மாறியிருந்தது. செல்பேசியின் திரை பெரிதாகி, மக்களின் கண் கைக்கணினியிலிருந்து செல்பேசிக்குத் தாவியிருந்தது. மேலும், பிரெஞ்சு வாசகருக்கு அவர்தம் மொழியில் ஏடுகள் சிலவே. ஆங்கில வாசகருக்கோ உலகமே திறந்து கிடந்தது. அண்டை வீட்டாருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்குப் பொருந்த வேண்டும் என்ற நியதி இல்லை. தம் வாசகர் யார், அவர் எப்பொழுது, எதில், எவ்வளவு நேரம் படிக்கிறார் என்று அறியாது பிறர் வழியைப் பின்பற்றும் தலைவருக்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை.

ஆறு ஏடுகளின் கூட்டுறவு

சிறிய ஊர்களின் கதை இதனினும் உருக்கமானது. லா பிரெஸ்ஸின் உடன்பிறப்பாக இருந்த ஆறு வட்டார நாளேடுகள் 2015இல் வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அந்நிறுவனம் நொடித்துப் போயிற்று. ஆறு ஏடுகளும் ஒருசேர நின்றுபோகும் நிலை.

அவற்றுள் ஒன்று ஒட்டாவாவின் ‘லெ துருவா’. ஒன்டாரியோ மாநில அரசு 1912இல் பள்ளிகளில் பிரெஞ்சு மொழிவழிக் கல்வியைத் தொடக்க வகுப்புகளோடு நிறுத்த ஆணையிட்டபோது, அதனை எதிர்த்துக் குரல் கொடுப்பதற்காக அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் 1913இல் தொடங்கிய ஏடு அது. அச்சபையார் யாழ்ப்பாண மறைமாவட்டத்தை வழிநடத்திய காலத்தில், 1876இல், அங்கே ‘பாதுகாவலன்’ தோன்றியதை நம் வாசகர் பலர் அறிவர். மக்களுக்கு அவர்கள் மொழியில் ஓர் ஏடு வேண்டும் என்ற உணர்வு இரு நாடுகளிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

ஆறு ஏடுகளின் பணியாளரும் கலைந்து செல்ல மறுத்தனர். ஊருக்கொரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஏடுகளைத் தாமே ஏற்று நடத்தினர். ஊர் மக்களும் நிறுவனங்களும் தோள் கொடுத்தனர், அரசும் உதவிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது வார நாள் அச்சு நின்றது. 2023 டிசம்பர் இறுதியில் சனிக்கிழமை அச்சும் நின்றது. ஏடுகள் இணையத்தில் தொடர்ந்தன.

இதற்குக் கொடுத்த விலையை மறைப்பது நேர்மையாகாது. பழைய நிறுவனம் நொடித்ததால், வாழ்நாளெல்லாம் அங்கே உழைத்து ஓய்ந்த முதியோர் தம் ஓய்வூதியத்தில் கணிசமான பகுதியை இழந்தனர். அச்சு முற்றிலும் நின்றபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் சென்றனர். லா பிரெஸ்ஸும் வார நாள் அச்சை நிறுத்துமுன் நூற்றுக்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைத்தது. கைக்கணினி வாங்க இயலாத முதியவருக்குக் காலைத் தாள் நின்றதும் இழப்பே. மாற்றம் தேவை என்று முழங்குவது எளிது. அதன் சுமை யார் தோளில் இறங்குகிறது என்று பார்ப்பதே தலைமையின் கடமை.

பிறர் திண்ணையில் கடை

2023 சூன் மாதத்தில் கனடா நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. செய்திகளைத் தம் தளங்களில் காட்டிப் பயன் பெறும் பெருநிறுவனங்கள் செய்தி ஏடுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூகுள் ஆண்டுக்கு 10 கோடி டாலர் தர அவ்வாண்டு நவம்பரில் இசைந்தது. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனமோ பணம் தர மறுத்து, 2023 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து கனடாவில் தன் தளங்களில் செய்தியையே தடுக்கத் தொடங்கியது.

அம்மாதமே வட கனடாவில் காட்டுத்தீ மூண்டது. ஏறத்தாழ 20,000 பேர் வாழும் யெல்லோநைஃப் நகரம் முழுவதையும் காலி செய்ய ஆகஸ்டு 16ஆம் நாள் ஆணை பிறந்தது. எச்சாலை திறந்திருக்கிறது, எங்கே புகலிடம் என்று மக்கள் பரிதவித்தனர். நாள்தோறும் பார்த்துப் பழகிய பேஸ்புக்கில் உள்ளூர்ச் செய்தியைப் பகிர வழியில்லை. சிலர் செய்தித்தளத்தின் பக்கத்தைப் படமாகப் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். உயிர் போகும் வேளையில் செய்தி கிடைப்பது, தொலைதூரத்திலுள்ள ஒரு வணிக நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது.

வாசகரைச் சென்றடையப் பேஸ்புக்கையே நம்பியிருந்த சிறு ஏடுகள் இத்தடையால் தடுமாறின. வாசகர் தாமாக நாடி வரும் தளம் வைத்திருந்த ஏடுகள் தாக்குப்பிடித்தன. பிறர் வீட்டுத் திண்ணையில் கடை விரிப்பவன், வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் வீதியில்தான் நிற்க வேண்டும்.

பொறுப்பாளர்க்கும் நமக்கும்

இவற்றிலிருந்து செய்தி ஏட்டின் பொறுப்பாளர் பெறத்தக்க பாடங்கள் தெளிவானவை. கருவியைத் தேடுமுன் வாசகரைத் தேட வேண்டும். அவர் புதுவழிக்குப் பழகும் வரை பழைய வழியை அடைக்காமல் பொறுத்திருக்க வேண்டும். வாசகரோடு இடைத்தரகர் இல்லாத நேரடி உறவைப் பேண வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அரசின் உதவியைப் பெறும்போது இது இன்னும் முக்கியம். யாவற்றிற்கும் மேலாக, செய்தி சேகரிக்கும் கையை வெட்டி ஏட்டைக் காப்பாற்ற முடியாது என்பதை உணர வேண்டும்.

உறவு என்பது இருபக்கமும் பேணப்பட வேண்டியது. ஊராட்சிக் கூட்டத்தில் என்ன நடந்தது, மருத்துவமனையில் மருந்து ஏன் இல்லை என்று கேட்டறிந்து எழுத ஒருவர் நாள் முழுதும் அலைய வேண்டியிருக்கிறது. அவருக்கு ஊதியம் வேண்டும். இலவசமாக வரும் வதந்திக்குக் காது கொடுத்து, உழைத்துத் திரட்டிய செய்திக்குச் சந்தா கட்டத் தயங்குவோமாயின், நல்ல ஏடு நம்மிடையே எவ்வாறு வாழும்?

ஆகவே, நம் இல்லத்தில் விரும்பிப் படிக்கும் ஏடு எதுவாயினும், தாளாயினும் திரையாயினும், அதற்குரிய சந்தாவைக் காலத்தில் செலுத்துவோம். பிழை கண்டால் ஆசிரியருக்கு எழுதுவோம். நல்ல கட்டுரை கண்டால் அதற்கும் எழுதுவோம். செல்பேசியில் வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், அதை எழுதியவர் யார், எந்த ஏடு என்று பார்ப்போம். செல்பேசியில் படிக்க இயலாத முதியவர் வீட்டில் இருந்தால், பிள்ளைகளுள் ஒருவர் மாலையில் கால் மணி நேரம் அவருக்குச் செய்தியைப் படித்துக் காட்டட்டும். தாள் நின்ற வீட்டிலும் பெரியவரும் பேரனும் சேர்ந்து செய்தி அறியும் வழக்கம் நிற்காதிருக்கட்டும்.