மலை ஏறும் பழைய பிக்கப்: முதல் செலவு எதற்கு?

மரவள்ளிக் கிழங்கு காத்திருக்கும் சரக்கு அல்ல. தோண்டி எடுத்து இரண்டு நாள் கிடந்தால் உள்ளே கருநீலக் கோடு விழும். ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். ஆகவே கல்வராயன் மலையில் கிழங்கு பறிக்கும் குடியானவர் முதலில் தேடுவது வண்டியைத்தான்.

1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் வசம் இருந்த மலை இது. உயரம் 2,000 முதல் 3,000 அடி. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து வெள்ளிமலைக்குப் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. கிழங்கு, உரம், சிமெண்டு, கல்யாணப் பந்தல் சாமான், எல்லாவற்றுக்கும் பிக்கப் வேண்டும். புதிது வாங்க எல்லோராலும் முடியுமா? பல வருஷம் ஓடிக் களைத்த வண்டியை வாங்கிச் சீர்செய்ய வேண்டியதுதான்.

பெயிண்டு ஆசை

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "அண்ணே, முதல்லே மூஞ்சியைப் பளபளன்னு ஆக்கிடுங்க!" என்று பட்டறையில் சொல்வார்கள். டிங்கரிங், பெயிண்டு, கண்ணாடிக்கு மேல் குலதெய்வத்தின் பெயர். கைப்பணம் அதிலேயே கரைந்துவிடும். குலதெய்வம் கோபிக்காது, பெயரைப் பிறகு எழுதலாம். முதல் செலவு பிரேக்குக்கு!

காரணம் இது. பிரேக் ஆயில், காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கில் மாற்றாத ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கும். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரம் சூடேறி அந்தத் தண்ணீர் ஆவியாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும். மிதி தரைவரை போகும். வண்டி நிற்காது! ஆயிலும் லைனரும் மாற்ற ஆகும் செலவு, பெயிண்டுச் செலவில் ஒரு பங்குதான்.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. பிரேக் மிதிக்கு பலம் தரும் வாக்குவம், என்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். நிறுத்தினால் சில மிதியிலேயே தீர்ந்துபோய், மிதி கல்லாய் இறுகிவிடும். ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்குவதுதான் பத்திரம்.

புகை சொல்லும் சேதி

வாங்கும்போதே புகையைப் பாருங்கள். கரும்புகை என்றால் பெரும்பாலும் ஏர் பில்டரோ நாசிலோ கெட்டிருக்கும், சின்னச் செலவு. நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. அது பணத்தைத் தின்னும் வியாதி.

டயரில் சிக்கனம் வேண்டுமானால் ரீட்ரெட் டயர் பின்னால் இருக்கட்டும். முன் சக்கரத்துக்கு வேண்டாம். பாரம் கூட்டுவதற்காக ஸ்பிரிங் பட்டை சேர்க்கிறார்கள். பட்டை கூடியதால் பிரேக் பெரிதாகிவிடுமா?

சரக்கு வண்டிக்கு 8 வருஷம்வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எப்.சி.; அதற்குப் பிறகு வருஷந்தோறும். அந்த ஒரு நாளுக்காக மட்டும் பிரேக்கைச் சரிசெய்கிறவர்களை என்ன சொல்வது! கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், சட்டம் கூடாது என்றாலும், மூட்டைகளின் மேல் ஏறிக்கொள்கிறார்கள். பிள்ளைகளும் ஏறுகிறார்கள்.

இறங்குமுன் ஒரு சோதனை. காசு செலவில்லை. என்ஜினை நிறுத்தி, மிதி இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். கிழங்குக்கு வேறு வண்டி பாருங்கள்.