தீர்மானம் போட்டால் டெல்லி கேட்குமா?

1974 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டைக் கொத்தளத்தில் தேசியக் கொடியை ஏற்றியவர் முதல்வர் மு.கருணாநிதி. அதற்கு முன்பெல்லாம் சுதந்திர தினத்தன்றும் மாநிலங்களில் ஆளுநர்தான் கொடியேற்றுவார். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது இங்கே முதல்வர் ஏன் ஏற்றக் கூடாது என்று கருணாநிதி கேட்டார். இந்திரா காந்தி அரசு ஒப்புக்கொண்டது. கட்சி வேறுபாடின்றி எல்லா மாநில முதல்வர்களும் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றுவது அப்படி வந்த உரிமை.

அதே ஆண்டு ஏப்ரலில், அதே கோட்டைக்குள், சட்டப்பேரவை மாநில சுயாட்சித் தீர்மானத்தை விவாதித்து நிறைவேற்றியது. அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி, மாநிலங்களுக்கு உண்மையான அதிகாரம் தர வேண்டும் என்றது அந்தத் தீர்மானம். கொடிக்கான கோரிக்கை ஈடேறியது. தீர்மானம் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் காத்திருக்கிறது.

பேரவையில் இப்படியொரு தீர்மானம் வரும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு கேள்வி எழும்: “தீர்மானம் போட்டா டெல்லி கேட்டுருமா?” நியாயமான கேள்வி. சட்டப்படி, கேட்டாக வேண்டிய கட்டாயம் இல்லை. மசோதா ஒப்புதல் பெற்றால் சட்டமாகும். தீர்மானம் பேரவையின் கருத்தாகவே நிற்கும்.

ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 252-வது பிரிவைப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றட்டும் என்று இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களின் பேரவைகள் தீர்மானம் போட்டால், அந்தத் தீர்மானத்துக்கு உடனே உயிர் வந்துவிடும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் அப்படிப் பிறந்தவைதான். அப்படிக் கொடுத்த பிறகு, அந்தச் சட்டத்தை மாநிலம் தானாகத் திருத்த முடியாது. அதிகாரத்தை விட்டுக்கொடுக்கும் தீர்மானத்துக்கு வலிமை உண்டு. அதிகாரத்தைக் கேட்கும் தீர்மானத்துக்கு இல்லை. மாநில உரிமை விவாதத்தின் முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று தொடக்கத்தில் முடிவாகியிருக்கவில்லை. 1946 டிசம்பர் 13 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானம், சுயாட்சி கொண்ட மாநிலங்களைப் பற்றியே பேசியது. எந்தப் பட்டியலிலும் சேராத எஞ்சிய அதிகாரங்களும் அவற்றுக்கே என்றது. அடுத்த ஆண்டு ஜூனில் பிரிவினை உறுதியானது. நாடு மேலும் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் வலுவான மத்திய அரசை நோக்கி எல்லாம் திரும்பின. எஞ்சிய அதிகாரங்கள் டெல்லிக்குப் போயின. ஓர் ஆண்டின் அச்சம் ஒரு குடியரசின் நிரந்தர அமைப்பாகிவிட்டது.

அதை மறுபரிசீலனை செய்யத்தான் 1969-ல் நீதிபதி பி.வி.ராஜமன்னார் தலைமையில் தமிழ்நாடு அரசு குழு அமைத்தது. ஏ.லட்சுமணசாமி முதலியாரும் பி.சந்திரா ரெட்டியும் உறுப்பினர்கள். 1971-ல் வந்த அறிக்கை தயங்காமல் பேசியது: மாநில அரசைக் கலைக்க உதவும் 356-வது பிரிவை நீக்க வேண்டும், திட்டக் குழு வேண்டாம், பிரதமரும் முதல்வர்களும் அமரும் மாநிலங்களுக்கிடை மன்றம் வேண்டும், மாநில அமைச்சரவையைக் கலந்துதான் ஆளுநரை நியமிக்க வேண்டும். 1974 தீர்மானம் இந்த அறிக்கையின் மேல் எழுந்தது. 1960-களின் தொடக்கத்தில் தனிநாடு கோரிக்கையைக் கைவிட்ட இயக்கம், இந்தியாவுக்குள்ளேயே எப்படி வாழ்வது என்று எழுதிக் கொடுத்த வரைபடம் அது. பிரிவினைவாதம் என்று அதைத் தூற்றியவர்கள் அறிக்கையை முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பதிலாக வந்தது என்ன? 1976 ஜனவரி 31 அன்று, நெருக்கடி நிலையின்போது, தீர்மானம் கொண்டுவந்த அரசே 356-ஐக் கொண்டு கலைக்கப்பட்டது. அதே ஆண்டின் 42-வது திருத்தம் கல்வி, காடு உட்பட ஐந்து பொருள்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு நகர்த்தியது. பொதுப்பட்டியலில் இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். மோதினால் நாடாளுமன்றத்தின் சட்டமே செல்லும். மாநிலச் சட்டம் பிழைக்கக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நீட் விலக்கு மசோதா சிக்கிக்கொண்ட கண்ணி இதுதான். 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறிய அந்த மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. அதற்குள் எத்தனை பிளஸ் டூ வகுப்புகள் பள்ளியை விட்டு வெளியேறிவிட்டன!

356-வது பிரிவில் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆளுநரின் அறிக்கை பெற்றோ ‘வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் முடிவெடுக்கலாம் என்கிறது அது. 1991 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசைக் கலைக்க அறிக்கை தர ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்தார். ‘வேறு வகையிலோ’ கைகொடுத்தது, ஆட்சி போனது. 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்ட பிறகே இந்தக் கலைப்பு வழக்கம் அடங்கியது. ராஜமன்னார் குழு கேட்ட மாநிலங்களுக்கிடை மன்றமும் 1990-ல் அமைந்தது. ஆனால் 2016 ஜூலைக் கூட்டத்துக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் கூட்டப்படவில்லை.

கலைப்பு அடங்கியதும் இழுபறி மசோதாக்களின் பக்கம் நகர்ந்தது. 2023 நவம்பரில் ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்த பத்து மசோதாக்களைச் சில நாள்களிலேயே பேரவை மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது. ஆளுநரின் கையெழுத்து இல்லாமலே பத்துச் சட்டங்கள் அரசிதழில் வெளியாயின. அதே 2025-ன் நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்பட்ட ஒப்புதல் என்று ஒன்று கிடையாது என்று கருத்துரைத்தது. காரணமின்றி நீண்டகாலம் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்ற சிறு கதவு மட்டும் திறந்திருக்கிறது.

பணத்திலும் இதே கதைதான். ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அத்தனை மாநிலங்களும் ஒரே அணியில் நின்றாலும் ஒன்றிய அரசு இசையாமல் எதுவும் நிறைவேறாது.

2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின், நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் புதிய குழுவைப் பேரவையில் அறிவித்தபோது, ராஜமன்னார் குழுவின் கேள்விகள் மறுபடி மேசைக்கு வந்தன. வரவேண்டியவைதான். பேரவை கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? ஆனால் கோட்டையிலிருந்து டெல்லியை நோக்கி நீளும் அதே சுட்டுவிரல், கோட்டைக்குக் கீழே உள்ளவர்களிடமும் உண்டு. 73-வது திருத்தம் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கவையாக 29 பொருள்களைப் பட்டியலிட்டது. எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலத்திடமே விட்டது. 2016 அக்டோபர் முதல் 2019 இறுதிவரை தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அந்த மூன்று ஆண்டுகளும் குடிநீர்க் குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஊர் மக்கள் போய் நின்றது, தாங்கள் வாக்களிக்காத ஓர் அதிகாரியின் மேசை முன்னால்.