மலைப்பாம்பின் பொறுமை

மலைப்பாம்பு பசி பொறுக்கும். வயிறு நிறைய ஒருமுறை உண்டபின் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், உணவின்றி இருக்க அதனால் இயலும். இப்பொறுமையே அதனை வளர்ப்போரை ஏமாற்றிவிடுகிறது. கூண்டில் அசைவற்றுச் சுருண்டு கிடக்கும் பாம்பு நலமாயிருக்கிறதா, நலிந்துகொண்டிருக்கிறதா என்பது பழகிய கண்ணுக்கும் எளிதில் புலப்படுவதில்லை.

உணவைக் காட்டிலும் வெப்பமே இங்கு முதன்மையானது. பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்து பெறுகிறது. சூழல் குளிர்ந்தால் விழுங்கிய இரை செரிப்பதில்லை. கக்கிவிடும், அல்லது இரை வயிற்றிலேயே அழுகும். நுரையீரலில் சளி கட்டும். ஆகவே கூண்டின் ஒருபுறம் ஏறத்தாழ 32 பாகையும் மறுபுறம் அதனினும் ஐந்தாறு பாகை குறைவாகவும் அமைத்து, வேண்டும் இடத்தைப் பாம்பே தேர்ந்துகொள்ள விடுவர்.

இவ்விதிக்கு வியப்பான விலக்கு ஒன்றுண்டு. முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் தாய் மலைப்பாம்பு தசைகளை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்து தானே வெப்பம் உண்டாக்கும். இந்தியாவில் இதனைக் கண்டதாக லமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1830களில் அறிவித்தபோது பாரிஸ் அறிஞர்கள் நம்ப மறுத்தனர். 1841இல் வலென்சியன் பாரிஸ் விலங்குக்காட்சியிலேயே அளந்து காட்டிய பின்னரே ஐயம் தணிந்தது. குளிர் மிகுந்தால் துடிப்பும் மிகும் என்பதை 1966இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு உறுதி செய்தது.

அரிய இனங்களில் இடர் வேறு வகையினது. நியூகினி மலைகளில் ஆயிரம் மீட்டருக்கும் மேலே வாழும் கரிய போலன் மலைப்பாம்பு, பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி வரும் நிலத்துக்குரியது. சமவெளிப் பாம்புக்குரிய மாறா வெப்பம் அதற்குப் பொருந்தாது. வளர்ப்பிடங்களில் அது குஞ்சு பொரித்த நிகழ்வுகள் மிக அரியவை. பல பாம்புகளை நெருக்கி வைக்குமிடத்தில் நோயும் சேர்கிறது. மூச்சுறுப்புகளைத் தாக்கும் நிடோ வைரஸ் 2014இல்தான் மலைப்பாம்புகளில் கண்டறியப்பட்டது.

பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே தேடி உண்ணவும் விடாமல் மாய்த்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். மலைப்பாம்பின் கூண்டில் இரை இருந்தும் பட்டினி நேரலாம் என்பதை அதனுடன் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது.

நம் நாட்டு மலைப்பாம்பை எவரும் வீட்டில் வைத்திருத்தல் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் உள்ளது. எளாவூர் வயல்வெளியிலோ கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை மதிலோரத்திலோ அது தென்பட்டால் வனத்துறைக்கே தெரிவிக்க வேண்டும். மக்கள் அதனைக் காண்பதற்குக் கிண்டிப் பாம்புப் பண்ணையும் வண்டலூர்ப் பூங்காவும் உள்ளன.

அயல்நாட்டு இனங்களின் நிலை வேறு. பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும் என 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பதிவேட்டில் உரிமையாளர் பெயர் ஏறும். கூண்டின் இரவு வெப்பம் ஏறாது. இதற்கிடையே பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் துணிப்பைகளில் முடிந்த பால் பைத்தான் குட்டிகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியுள்ளனர். பெரும்பாலும் அவற்றை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அப்பாம்புகள் மீண்டும் பாங்காக்குக்கே போய்ச் சேர்கின்றன.