நடந்தால்தான் கோல்ஃபா? பிஜிஏ டூரை உச்ச நீதிமன்றம் வரை இழுத்த கேஸி மார்ட்டினின் கதை

ஒரு கோல்ஃப் வீரரைப் பற்றி எழுத ஆரம்பித்தால், முதல் பத்தியிலேயே எத்தனை பட்டம், எத்தனை மில்லியன் டாலர் என்று வந்துவிடும். கேஸி மார்ட்டின் விஷயத்தில் அது வேலைக்கு ஆகாது. உலகின் மிகப்பெரிய கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரில் அவர் ஒரு பட்டம்கூட ஜெயித்ததில்லை. முழுசாக ஆடியது ஒரே ஒரு சீசன்தான். ஆனாலும் அமெரிக்காவில் சட்டம் படிக்கும் மாணவர்களில் பலருக்கு இவர் பெயர் தெரியும். காரணம், இவர் கேட்ட ஒரு சின்ன வண்டி.

கோல்ஃப் மைதானங்களில் பேட்டரியில் ஓடுமே, அந்த கார்ட்தான். வார இறுதியில் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் சர்வசாதாரணமாக அதில் ஏறிப் போவார்கள். "எனக்கும் அதில் போக அனுமதி கொடுங்கள்" என்றார் மார்ட்டின். "முடியாது" என்றது பிஜிஏ டூர். 1997-ல் தொடங்கிய இந்தச் சண்டை முடிய 2001 ஆகிவிட்டது.

யார் இந்த கேஸி மார்ட்டின்?

1972-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள யூஜீன் நகரில் பிறந்தவர். பிறக்கும்போதே வலது காலில் கோளாறு. கிளிப்பெல்-ட்ரெனோனே-வெபர் என்ற அபூர்வ நோய் அது. எளிமையாகச் சொன்னால், காலுக்குப் போகும் ரத்தம் இதயத்துக்குச் சரியாகத் திரும்பி வராது. வருஷம் ஆக ஆக மோசமாகும் வகை. கால் மெலிந்துகொண்டே போகும். நடந்தால் வலி மட்டும் பிரச்சினை இல்லை. ரத்தக்கசிவு வரலாம், ரத்தம் உறையலாம், கீழ்க்கால் எலும்பு முறியலாம். மோசமாக முறிந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பட்டியல் பின்னாளில் நீதிமன்ற ஆவணங்களிலேயே பதிவானது.

இந்தக் காலோடுதான் அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் ஆடினார். 1994-ல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய சாம்பியன்ஷிப்பை அந்த அணி வென்றது. அடுத்த சீசனில் அணியில் புதுசாகச் சேர்ந்த மாணவர், டைகர் வுட்ஸ். கல்லூரிப் போட்டிகளில் வீரர்கள் நடக்க வேண்டும், பையையும் அவர்களே சுமக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. கால் மோசமாகிக்கொண்டே போனதால் மார்ட்டின் விலக்கு கேட்டார். கல்லூரி விளையாட்டு அமைப்புகள் கொடுத்துவிட்டன. பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை.

தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோதுதான் கதவு அடைத்தது.

சிக்கல் எங்கே தொடங்கியது?

பிஜிஏ டூருக்குள் நுழைய அப்போது இருந்த முக்கியமான வழி 'க்யூ-ஸ்கூல்' எனப்படும் தகுதிப் போட்டி. 3,000 டாலர் கட்டணமும் இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் இருந்தால் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். மொத்தம் 3 கட்டம். முதல் 2 கட்டங்களில் கார்ட் ஓகே. மூன்றாவது கட்டத்தில் கூடாது. சீனியர் வீரர்களுக்கான டூரிலும் கார்ட் உண்டு. ஆக, ஒரே அமைப்பு சில இடங்களில் அனுமதித்துவிட்டு, சில இடங்களில் "கார்ட் வந்தால் விளையாட்டின் அடிப்படையே போய்விடும்" என்று சொன்னது.

முதல் 2 கட்டங்களைத் தாண்டிய மார்ட்டின், மூன்றாவது கட்டத்துக்கும் கார்ட் கேட்டு விண்ணப்பித்தார். மருத்துவ ஆவணங்களையும் இணைத்திருந்தார். டூர் அவற்றைப் பரிசீலிக்கக்கூட மறுத்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் நீதிமன்றம் போனார். ஆயுதமாக எடுத்தது, 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை.

அந்தச் சட்டம் சொல்வது இதுதான்: பொது இடங்களை நடத்துபவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும். ஒரே விதிவிலக்கு, அந்த மாற்றத்தால் சேவையின் அடிப்படைத் தன்மையே மாறிவிடும் என்றால் செய்ய வேண்டியதில்லை. பொது இடங்களின் பட்டியலில் கோல்ஃப் மைதானமும் இருக்கிறது.

"மைதானம் பொது இடமாக இருக்கலாம். ஆனால் போட்டி நடக்கும்போது கயிற்றுக்கு உள்ளே இருக்கும் பகுதி பொது இடம் இல்லை" என்றது டூர். நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. பணம் கட்டி யாரும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு, பிறகு இது பொதுமக்களுக்கு இல்லை என்றால் எப்படி?

500 கலோரி கணக்கு

வழக்கின் சுவாரசியமான பகுதியே இதுதான். நடப்பது கோல்ஃபின் உயிர்நாடியா, இல்லை வெறும் பழக்கமா?

டூரின் வாதம், களைப்பு. 4 நாள் நடந்து நடந்து, கடைசி நாள் கடைசிக் குழிகளில் கால் தளரும்போது அடிப்பதுதான் உண்மையான சோதனை என்றது. சாட்சி சொன்னவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. அர்னால்ட் பால்மர், ஜாக் நிக்லஸ், கென் வென்டூரி. இதில் வென்டூரி, 1964 யு.எஸ். ஓபனின் கடைசி நாளில், கொளுத்தும் வெயிலில் 36 குழிகளை முடித்து, கிட்டத்தட்ட மயங்கி விழும் நிலையில் கோப்பையை வென்றவர். களைப்பு பற்றிப் பேச அவரைவிடத் தகுதியானவர் யார்?

எதிர்த்தரப்பில் ஒரு உடலியல் பேராசிரியர் வந்தார். கோல்ஃபில் ஒரு சுற்றுக்கு சுமார் 5 மைல் நடை, அதாவது 8 கிலோமீட்டர். அதுவும் 5 மணி நேரத்தில், நடுநடுவே நின்று நின்று. செலவாகும் சக்தி சுமார் 500 கலோரி. ஒரு 'பிக் மேக்' பர்கரில் இருப்பதைவிடக் குறைவு! வென்டூரியைச் சாய்த்தது நடை இல்லை, வெயிலும் நீரிழப்பும்தான் என்றும் விளக்கினார்.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். கார்ட் இருந்தாலும் மார்ட்டின் நடக்காமல் இல்லை. வண்டியிலிருந்து பந்துக்கு, பந்திலிருந்து வண்டிக்கு, கிரீனில் அங்கும் இங்கும் என்று ஒரு சுற்றில் 1.6 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. அந்தக் காலோடு அவ்வளவு நடப்பதே, மற்றவர்கள் முழுசாக நடப்பதைவிட அதிகக் களைப்பு தரும் என்று விசாரணை நீதிபதி தாமஸ் காஃபின் முடிவுக்கு வந்தார். 1998 பிப்ரவரியில் தீர்ப்பு மார்ட்டின் பக்கம்.

இதில் யாரும் அதிகம் பேசாத முரண் ஒன்று உண்டு. தொழில்முறை வீரர்களின் கனமான பையைச் சுமப்பது கேடி. களைப்புதான் ஆட்டத்தின் சோதனை என்றால், பையை வேறொருவர் தூக்குவது மட்டும் எப்படிச் சரி?

ஒரே வாரம், இரண்டு தீர்ப்பு

டூர் மேல்முறையீடு செய்தது. 2000 மார்ச் 6-ம் தேதி ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் மார்ட்டினுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மறுநாளே இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஃபோர்டு ஆலிஞ்சர் என்ற வேறொரு கோல்ஃபரின் வழக்கில் நேர் எதிராகத் தீர்ப்பளித்தது. அவருக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம். கார்ட் கொடுத்தால் போட்டியின் தன்மையே மாறிவிடும் என்றார்கள். ஒரே சட்டம், ஒரே விளையாட்டு, ஒரே கோரிக்கை, இரண்டு பதில். உச்ச நீதிமன்றம் தலையிடாமல் வேறு வழியில்லை.

2001 மே 29-ல் தீர்ப்பு வந்தது. 7-க்கு 2. மார்ட்டின் ஜெயித்தார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். கோல்ஃபின் சாரம் அடிப்பதுதான், நடப்பது அல்ல என்பது அதன் மையம். தொடக்கப் புள்ளியிலிருந்து குழி வரை, முடிந்தவரை குறைந்த அடிகளில் பந்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். குழியின் விட்டத்தை 3 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாக்கினால் அதை அடிப்படை மாற்றம் எனலாம், கார்ட் அப்படி இல்லை என்று உதாரணமும் கொடுத்தார். (கோல்ஃப் குழியின் உண்மையான விட்டம் 4.25 அங்குலம். கோல்ஃப் ரசிகர்கள் இதை விடுவார்களா என்ன?)

எதிர்த்து எழுதியவர் அன்டனின் ஸ்காலியா. உடன் நின்றவர் கிளாரன்ஸ் தாமஸ். கிண்டலும் கோபமும் கலந்த ஸ்காலியாவின் எழுத்து இன்றும் விரும்பிப் படிக்கப்படுகிறது. எந்த விளையாட்டின் விதியும் மனிதர்கள் தம் இஷ்டத்துக்கு வகுத்ததுதான், அதில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நீதிபதிகள் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். நாளை கவனக்குறைபாடு உள்ள ஒரு சிறுவனின் பெற்றோர் வந்து, பேஸ்பாலில் எங்கள் பையனுக்கு மட்டும் இன்னொரு ஸ்ட்ரைக் கூடுதலாகக் கொடுங்கள் என்றால்?

கேள்வி தப்பில்லை. கிரிக்கெட்டில் ரன்னர் வைத்துக்கொள்ளும் வசதியை ஐசிசி 2011-ல் சர்வதேசப் போட்டிகளிலிருந்து தூக்கியபோதும் கிட்டத்தட்ட இதே விவாதம்தான் நடந்தது. ஓடுவது பேட்டிங்கின் பகுதியா இல்லையா? ஆனால் ஸ்காலியா பயந்த வெள்ளம் வரவில்லை. காரணம் எளிது. இந்தச் சலுகையால் பலன் அடைய முதலில் ஒருவர் உலகத்தரத்தில் அடிக்க வேண்டும். அப்படி அடிக்கத் தெரிந்து, நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

சரி, ஆட்டத்தில் என்ன ஆனது?

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவோடு மார்ட்டின் ஆடிக்கொண்டுதான் இருந்தார். 1998 தொடக்கத்தில், பிஜிஏ டூருக்கு அடுத்த நிலையான நைக் டூரில் லேக்லேண்ட் கிளாசிக் போட்டியை வென்றார். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பில் நடந்த யு.எஸ். ஓபனில் கார்ட்டோடு ஆடி, 23-வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1999 சீசனில் நைக் டூரில் நன்றாக ஆடி, 2000-க்கான பிஜிஏ டூர் கார்டைக் கையில் வாங்கினார்.

அங்கே அவரால் நிலைக்க முடியவில்லை. அடுத்த ஆண்டுக்கு இடத்தைத் தக்கவைக்க பரிசுப் பணப் பட்டியலில் முதல் 125-க்குள் வர வேண்டியிருந்தது. வரவில்லை. அதாவது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நேரத்தில் அவர் மறுபடி இரண்டாம் நிலை டூரில் இருந்தார். கார்ட் கொடுத்தால் அநியாய அனுகூலம் என்று 4 வருஷம் வாதாடினார்கள். கார்ட்டோடு ஆடியும் அவரால் 125-க்குள் வர முடியவில்லை. அந்த வாதத்துக்கு இதைவிட நேரான பதில் வேறு கிடைக்காது. அவருக்கு அது எவ்வளவு கசப்பான பதிலாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

2006-ல் சொந்த ஊருக்கே திரும்பி, ஓரிகன் பல்கலைக்கழக ஆண்கள் கோல்ஃப் அணியின் பயிற்சியாளரானார். பலர் கவனிக்காமல் விட்ட வெற்றி இங்கேதான் இருக்கிறது. 2016-ல், யூஜீனிலேயே நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதியில், அவர் அணி டெக்சாஸை 3-2 எனத் தோற்கடித்துப் பட்டம் வென்றது. தனிநபர் பட்டமும் அவரது மாணவர் ஆரன் வைஸுக்கே. வைஸ் பின்னர் பிஜிஏ டூரிலும் ஒரு போட்டியை ஜெயித்தார்.

நடுவில் 2012-ல், 40 வயதில், தகுதிச் சுற்று ஆடி மறுபடி யு.எஸ். ஓபனுக்குள் வந்தார் மார்ட்டின். இடம் அதே ஒலிம்பிக் கிளப். இம்முறை கட் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு கூத்து. ஜூனியர் தகுதிப் போட்டி ஒன்றில், தன் அணிக்கு ஆள் தேட கார்ட்டில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவரை, கார்ட்டில் வரக்கூடாது என்று தடுத்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்து 12 வருஷம் ஆன பிறகு! அமெரிக்க கோல்ஃப் சங்கம் பின்னர் மன்னிப்புக் கேட்டது.

தீர்ப்பின் பலனை மற்றவர்களும் அனுபவித்தார்கள். 2019-ல் முழங்கால் மூட்டுவலியோடு ஜான் டேலி, பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் கார்ட்டில் வந்தார். அதே ஆண்டு பிரிட்டனில் நடந்த ஓபனுக்குக் கேட்டபோது கிடைக்கவில்லை. அமெரிக்கச் சட்டம் அட்லாண்டிக்கைத் தாண்டாதே. 2021 கார் விபத்தில் வலது கால் நொறுங்கிய டைகர் வுட்ஸோ, மறு ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் 4 நாளும் நொண்டியபடி நடந்தே ஆடினார்.

மார்ட்டினின் கால் என்ன ஆனது? 2019-ல் வீட்டில் தடுமாறி விழுந்ததில் வலது கால் எலும்பு முறிந்தது. 2 வருஷம் சிகிச்சை எடுத்தும் சேரவில்லை. 2021-ல் காலை எடுத்துவிட்டார்கள். நடந்தால் இப்படி நடக்கலாம் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட அதே பட்டியலின் கடைசி வரி. அப்போது அவருக்கு வயது 49. அதன் பிறகும் ஓரிகன் அணியின் பயிற்சியாளராகவே தொடர்ந்தார்.